படலைக்கும் வாசலுக்கும் இடையே அறுநூறு அடி

தார் போடும் ஒப்பந்தக்காரன் குலசிங்கம் தன் எஸ்டிமேற்றில் தொண்ணூறு அடி என்று எழுதித் தந்த மறுநாள் காலையில், முதல்நாள் பின்னேரம் வரைக்கும் அறுபது அடியாக இருந்த எங்கள் வழி, தெருவோரப் படலையிலிருந்து வீட்டு வாசற்படி வரைக்கும், தொண்ணூறு அடியாக நீண்டு கிடந்தது. நான்தான் அதை முதலில் அளந்து கண்டேன். கனடாவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு வந்தவளுக்கு ஒருவர் ஒரு விலையைச் சொன்னால் அதைத் தானும் ஒருமுறை அளந்து பார்க்காமல் தேத்தண்ணி இறங்காது. அதுதான் பல் தீட்டின கையோடு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். குலசிங்கம் முப்பது அடியைக் கூட்டி எழுதிவிட்டான் என்று பிடித்துச் சண்டை போடத்தான் போனேன். நாடாவின் நுனியில் தொண்ணூறு என்ற இலக்கம் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஓடி வாங்கோ, வழி நீண்டு கிடக்குது!" என்று கத்தினேன்.

திலகம் அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓமடி. கூட்டேக்கை நினைச்சனான், இண்டைக்கென்ன விளக்குமாறு ஓயுதில்லையெண்டு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. எங்கள் ஊர் வரணியில் அப்படித்தான், கிணறு வற்றினாலும் மாடு பேசினாலும் முதலில் அன்றைய கூட்டலை முடிப்பார்கள், பிறகுதான் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

வழிக்குத் தார் போடவேண்டும் என்று நான் நினைத்தது அத்தானுக்காக. அக்காவின் புருசன் இராசநாயகம் அத்தான் முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓடிய மனுசன், இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் ஆசுபத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வந்தால்தான் அடுத்த மூன்று நாள் அவருக்கு மூச்சு. எங்கள் பக்கத்து மணலோ கணுக்கால் வரைக்கும் புதையும் மணல். ஓட்டோவின் சில்லு படலையைத் தாண்டினால் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அதனால் அக்காவும் ஓட்டோக்கார நிக்சனும் பக்கத்துவீட்டு ஆட்கள் இரண்டு பேரும் அவரை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து, சாமி காவுவதுபோல் காவிக்கொண்டு படலை வரைக்கும் போவார்கள். நான் வந்திறங்கிய முதல் கிழமை அதைப் பார்த்துவிட்டு, என் கண்முன்னால் இனி ஒருநாளும் இது நடக்கக் கூடாது, வாசற்படிக்கே வாகனம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு எளிதாக இருந்தது. அகலம் பத்தடி, நீளம் அறுபதடி, கிறவல், சல்லி, தார், உருளை வாடகை எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு நானூற்றைம்பது ரூபாய், ஆக இரண்டு லட்சத்து எழுபதினாயிரம்.

குலசிங்கத்தின் தாளில் அது நாலு லட்சத்து ஐயாயிரமாக இருந்தது. வழி நீண்ட அன்று அவன் வந்து, தானும் ஒருமுறை அளந்து, நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "பாத்தியளே அக்கா, நான் ஒரு அடியும் கூட்டி எழுதேல்லை," என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் ஒரு பிழை விட்டேன். அது பிழையென்று அப்போது எனக்குத் தெரியாது. கனடாவில் படித்த வழக்கத்தில், ஒருவன் சொன்ன விலை பிடிக்காவிட்டால் அவனோடு கதைக்காமல் இன்னொருவனைக் கூப்பிடுகிறவளாக நான் மாறியிருந்தேன். சாவகச்சேரியிலிருந்து இரண்டாவது ஆள் வந்தான்; சில்லு வைத்த அளவுகோலை உருட்டிக்கொண்டு போய்த் தொண்ணூறு என்று கண்டான்; என் செருப்பையும் கைப்பையையும் பார்த்தான்; நூற்றைம்பது என்று எழுதினான். அடுத்தநாள் விடிய வழி நூற்றைம்பது அடியாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. கதிரையைக் காவியவர்கள் நடுவில் ஒருமுறை இறக்கி வைத்து வியர்வை துடைத்தார்கள்.

"முப்பத்தெட்டு வருஷம் நான் றோட்டிலை ஓடினன் பிள்ளை," என்றார் அத்தான் கதிரையில் இருந்தபடி. "இப்ப றோட்டு என்னிலை ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆறு லட்சத்து எழுபத்தையாயிரம் என்ற தொகை என் மண்டைக்குள் நின்றது. வழி நீண்டது எனக்கு ஒரு அதிர்ச்சி, அதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்தத் தொகை, அந்த இரண்டையும்விடப் பெரியது, என் சேமிப்பில் அதைக் கொடுக்க மனமில்லாத ஒருத்தி எனக்குள் இருக்கிறாள் என்பது. அவளை அதுவரைக்கும் நான் சந்தித்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமரத்துக்குக் கீழே இருந்து, ஒஸ்லோவில் இருக்கும் தம்பி கருணாவுக்கும் மெல்பேணில் இருக்கும் தங்கை வதனிக்கும் எங்கள் குடும்பக் குழுவில் எழுதினேன். அத்தானுக்கு வழி போடவேண்டும், மூன்று பேரும் சமமாகப் போடுவோம், நீளம் அறுநூறு அடி, மொத்தம் இருபத்தேழு லட்சம், ஆளுக்கு ஒன்பது. அறுநூறு என்று விரல் தட்டியபோது கொஞ்சமும் நடுங்கவில்லை. அவர்கள் இருவரின் பதினெட்டு வந்தால் என் பங்கு இல்லாமலே தார் போட்டு முடிந்துவிடும், மிச்சத்தை அத்தானின் ஆசுபத்திரிச் செலவுக்கு வைக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அத்தானின் பேரில் செய்தால் அது பொய்யில்லை என்று நம்பவும் செய்தேன்.

அவர்கள் அளவைக் கேள்வி கேட்பார்கள் என்று கொஞ்சம் பயந்திருந்தேன். கருணா வரணியை விட்டுப் போகும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அரைமணித்தியாலத்தில் பதில் வந்தது. "ஓமோம் அக்கா, சரியான நீளமான வழி அது. நான் சைக்கிள் பழகின வழியெல்லோ. மாதக் கடைசியில் போடுறன்." வதனி ஒரு இதயப் படம் போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது வாசற்படியில் நின்ற எனக்குப் படலை தெரியவில்லை. ஏதோ ஒரு மங்கலான மரச்சட்டம் தூரத்தில் வெயிலுக்குள் நெளிந்தது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. அது பால் கொண்டுவந்த பொடியனாக இருக்கவேண்டும். அவன் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். "உந்த வழி முழுக்கக் கூட்ட ஏலாது," என்றாள். "நான் வேம்படி வரைக்கும் கூட்டுறன். அங்காலை யாரும் கூட்டட்டும்."

அப்படித்தான் அந்த வழியைச் சனங்கள் தங்கள் நாளாந்தத்துக்குள் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், மழைக்காலத்தில் வெள்ளத்தை எடுத்துக்கொள்வதுபோல, யாரையும் கேட்காமல், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு. வலதுபக்க வேலி எங்களது, இடதுபக்க வேலி செல்லக்கண்டு மாமியுடையது என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த பழைய முறை; வழியோடு சேர்ந்து வேலியும் நீண்டதால், மாமி முதல்நாள் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இவ்வளவு கிடுகு ஓலைக்கு நான் எங்கையடி போறது, நீட்டினது நீங்கள், அடைக்கிறது நானோ?" என்று பெரிய குரலில் சண்டை பிடித்தாள், இரண்டாம்நாள் தன் வளவின் பின்பக்கமும் அதே அளவுக்கு நீண்டு கிடப்பதைக் கண்டு குரலைக் குறைத்தாள், மூன்றாம்நாள் அந்தப் புது நிலத்தில் நாற்பது வாழைக்குட்டி வைத்துவிட்டு, வேலியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்காமல் ஓலை பின்னத் தொடங்கினாள். தபால்காரர் கடிதத்தைப் படலையில் ஒரு தகரப் பேணிக்குள் போட்டுவிட்டுப் போனார். மீன்காரன் எங்கள் வீட்டுக்கு வரக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டினான். நிக்சன் பாதி வழியில் நின்ற வேம்பின் கீழ் சனம் இருக்க ஒரு மரவாங்கு போட்டான், அவனுடைய மனுசி அதன் பக்கத்தில் தேத்தண்ணிக் கேத்தல் வைத்தாள், வாங்கு வந்தால் சனம் வரும், சனம் வந்தால் கதை வரும், இரண்டு கிழமைக்குள் ஊரில் யாருக்காவது யாரையாவது சந்திக்கவேண்டுமென்றால் "திலகத்தின்ரை வழியிலை நில், வாறன்," என்று சொல்லும் அளவுக்கு அந்த இடம் வந்துவிட்டது.

அத்தான் மட்டும் மெலிந்துகொண்டு வந்தார். அறுநூறு அடி மணலில் ஒரு மனுசனைக் காவுவதென்றால் அது கதிரை காவுவதில்லை. நாலுபேர் போதாமல் எட்டுப்பேர் ஆனார்கள், எட்டுப்பேரும் நாலு இடத்தில் இறக்கினார்கள், ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர ஒவ்வொருமுறையும் பிந்தியது, பிந்தினால் அவருக்குரிய மெசினில் வேறொருவர் இருப்பார், மிஞ்சிய நேரத்துக்கு மட்டும் சுத்தப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். கால் இரண்டும் வீங்கி வந்தன. இரவில் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் என் அறைக்குக் கேட்டது. அக்கா எழும்பி அவருடைய முதுகைத் தடவும் சத்தமும் கேட்டது.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை காலையில் ஊர்ச்சனம் குலசிங்கத்தைப் பிடித்து வேம்படி வாங்கில் இருத்தியது. சாவகச்சேரி ஆளையும் நிக்சன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"உண்மையைச் சொல்லு," என்றாள் செல்லக்கண்டு மாமி. "எத்தினையடி கூட்டினனீ?"

"முப்பது," என்றான் குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு. "வெளிநாட்டுக் காசெண்டால் முப்பது கூட்டுறது வழமைதானே மாமி. அவை குறைக்கச் சொல்லுவினம், நான் அந்த முப்பதைக் குறைப்பன், அவைக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். இந்த அக்கா குறைக்கச் சொல்லேல்லை. அப்பிடியே நிண்டிட்டுது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விலை பேசத் தெரியாத ஒருத்தியை அவர்கள் அன்றுதான் முதலில் காண்கிறார்கள் போல.

"நான் அறுபது," என்றான் சாவகச்சேரி ஆள். "என்ரை பிள்ளையளாணை, அறுபதுதான்."

"அப்ப நூற்றைம்பது," என்றான் நிக்சன். "மிச்ச நானூற்றைம்பதும் ஆர் எழுதினது?"

என் கைத்தொலைபேசி சட்டைப்பைக்குள் சூடாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது. குலசிங்கம் ஒரு யோசனை சொன்னான்: கூட்டி எழுதினால் நீளுகிறதென்றால் குறைத்து எழுதினால் சுருங்கவேண்டும்தானே. சிகரெட் பெட்டி மட்டையில் பத்து அடி என்று எழுதி, கையெழுத்தும் வைத்து, மண்ணில் வைத்தான். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சாண்கூடக் குறையவில்லை. இருவரும் தங்கள் பழைய தாள்களைக் கிழித்தும் பார்த்தார்கள். வழி அசையவில்லை.

அக்காதான் சொன்னாள், கேத்தலைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல்: "பத்தடிக்கு ஒருத்தரும் காசு வாங்க நினைக்கேல்லை. அதாலைதான் அது அசையேல்லை. அறுநூறுக்கு ஆரோ காசு வாங்கப்போகினம். அவையின்ரை கணக்கு எங்கையோ இருக்குது."

அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியாது என்றும் நினைத்தேன். அன்று பகல் முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் தேங்காய் துருவினேன். நாளைக்குச் சொல்லலாம், மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, காசு வந்ததும் வேலையைத் தொடங்கினால் அறுநூறு அடிக்கும் தார் வந்துவிடும், பிறகு நீளம் என்ன, கட்டை என்ன, வாகனம் வாசலுக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் உறைத்தது: வழி இப்போது உண்மையாகவே அறுநூறு அடி. இருபத்தேழு லட்சமும் உண்மையாகவே தேவை. அவர்களின் பதினெட்டுப் போக, ஒன்பது என் தலையில்தான் விழும். நான் சொன்ன பொய்யை நிலம் ஒரு ரூபாய் பிசகாமல் எனக்கே திருப்பித் தந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தானால் மூச்சு விட முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது. நிக்சன் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். அது பதினைந்து நிமிடத்தில் படலைக்கு வந்து நின்றது. அதன் வெளிச்சம் தூரத்தில் மின்மினிபோல் சுற்றியதை வாசலிலிருந்து கண்டோம். அதிலிருந்தவர்கள் சில்லுக் கட்டிலை மணலில் இருபது அடி தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பிராணவாயுச் சிலிண்டர் அம்புலன்ஸுக்குள் இருந்தது. சனம் எங்கிருந்தெல்லாமோ ஓடி வந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே வழி நெடுகிலும் பத்தடிக்கு ஒருவராக, இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள், ஒரு கூட்டம் களைத்தால் அடுத்த கூட்டம் கதிரையை வாங்குவதற்காக. குலசிங்கமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேம்படிக்கு அப்பால் ஐந்தாவது ஆளாக நின்றான்.

கதிரையைத் தூக்கினார்கள். அக்கா பக்கத்தில் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். நூறு அடி. இருநூறு. அத்தானின் தலை ஒரு பக்கம் சரிந்தது. வேம்படியில் கதிரையின் கால் ஒன்று மணலில் புதைந்து, எல்லோருமாக முழங்காலில் விழுந்தார்கள். அக்கா அவருடைய முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, என்னைப் பார்த்தாள். கேள்வி ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். படலை இன்னும் முந்நூறு அடிக்கு அப்பால் இருந்தது.

தட்டி எழுத நேரமில்லை. குழுவைத் திறந்து, குரலைப் பதியும் பொத்தானை அழுத்தி, ஊரே கேட்கக் கத்தினேன்.

"தம்பி, வதனி, யசோக்கா கதைக்கிறன். வழி அறுநூறு இல்லை. அறுபது. அறுபதடிதான். நான்தான் கூட்டினனான். என்ரை பங்கையும் உங்களிட்டை வாங்கத்தான் கூட்டினனான். ஒரு சதமும் அனுப்பவேண்டாம். அறுபதுக்கும் நான் போடுறன்."

விரலை எடுத்தேன். அது போய்விட்டது. முன்னாலிருந்து குலசிங்கத்தின் குரல் மட்டும் வந்தது: "நானும் அறுபதுக்குத்தான் வாங்குவன் அக்கா! முப்பதைக் கழிச்சுக்கொள்ளுங்கோ!"

வழி சுருங்கியது. சத்தம் என்று சொல்லப்போனால் ஓலையோடு ஓலை உரசும் சத்தம்தான், இரண்டு பக்க வேலியும் தன்னைத்தானே மடித்துக்கொள்வதுபோல. யாரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, ஆனால் பத்தடிக்கு ஒருவராக நின்ற அத்தனை சனமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வாசற்படியிலிருந்து படலை வரைக்கும், ஒரு ஊசி விழ இடமில்லாமல் நின்றார்கள், நடுவில் வாங்கும் கேத்தலும் மீன்காரனின் மோட்டார்ச் சைக்கிளும் யாரோ ஒருவரின் கன்றும் நெரிந்துகொண்டு. வேலிக்கு அப்பால் மாமியின் நாற்பது வாழைக்குட்டியும் ஒரே புதராகக் குவிந்து நின்றன. நடக்க இடமில்லை. நடக்கத் தேவையுமில்லை. நிக்சன் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கினான், முன்னால் நின்றவர் கையை உயர்த்தி வாங்கினார், அவருக்கு முன்னால் நின்றவர் வாங்கினார், மாமி வாங்கினாள், குலசிங்கம் வாங்கினான், கையிலிருந்து கைக்கு, ஒரு நிமிடம்கூட ஆகாமல், என் அத்தான் அத்தனை தலைகளுக்கும் மேலால் படலைக்குப் போனார். நடுவழியில் அவருடைய வாய் அசைந்ததாம். மாமி பிறகு சொன்னாள், "தள்ளி நில்லுங்கோ, பஸ் வருது," என்றாராம்.

அவருடைய மூக்கில் குழாயைப் பொருத்தினார்கள். உதட்டின் நிறம் மாறுவதை நான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, நுனிக்காலில் எட்டி எட்டிப் பார்த்தேன். அக்கா ஏறி அவருடைய காலடியில் இருந்தாள். எனக்கு ஏறத் துணிவு வரவில்லை. சனத்துக்குள்ளால் நெருக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய் நின்றேன். என் கைக்குள் தொலைபேசி அடித்தது, ஒஸ்லோ இலக்கம், அடித்து அடித்து நின்றது.

கதவை மூடமுதல் அக்கா என்னைப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"எடியே யசோ," என்றாள், தினமும் உப்புப் போடச் சொல்லும் அதே குரலில். "சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்பிப்போடாதை."

அம்புலன்ஸ் போனது. திரும்பினேன். நூறு பேருக்கு மேல் இருக்கும். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நடுவில் நான் போவதற்கு ஒரு ஆள் அகலத்தில் விலகிக்கொண்டு. செல்லக்கண்டு மாமி தன் வாழைப் புதரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்தேன். அவர்களுக்கு முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்து முடிப்பதற்குள், அறுபது அடிதானே, வாசற்படி வந்துவிட்டது.